தஞ்சாவூர் சிம்மாசனமும் மாப்பிள்ளைச் சம்பாவும்

இன்றைய பதிவு நீளமானது. விஷயமும் நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசாத விஷயம். பெரியவர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் எனக்குப் பழக்கம்.

எட்டாம் வகுப்பில் டல்ஹௌசி பிரபுவின் வாரிசு இழப்புக் கொள்கையைப் படித்திருப்பீர்கள். சதாரா, நாக்பூர், ஜான்சி என்று மனப்பாடம் செய்து எழுதுவீர்கள். அந்தப் பட்டியலை எழுதுகிற பிள்ளைகளில் பலருக்கு நம் ஊர் அரண்மனையிலும் அதே கதை நடந்தது தெரியாது. 1787-இல் துளஜா மன்னர் இறப்பதற்குச் சற்று முன்பு, தம் பிள்ளைகள் யாரும் தங்காததால், பத்து வயதுச் சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்தார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த இரண்டாம் சரபோஜி. தத்து செல்லாது என்று சொல்லி, துளஜாவின் சகோதரர் அமர்சிங் பட்டத்தில் அமர்ந்துகொண்டார். பாதிரியார் சுவார்ட்ஸ் பையனுக்கு ஆதரவாக நின்றார். சாஸ்திரிகளிடம் அபிப்பிராயம் கேட்டு, கும்பினியாரிடம் மனுப் போட்டு, 1798-இல்தான் சரபோஜிக்குச் சிம்மாசனம் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1799 உடன்படிக்கையில் நாட்டின் நிர்வாகம் முழுவதும் கும்பினிக்குப் போயிற்று. அரசருக்கு மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றியுள்ள பகுதியும், வருவாயில் ஒரு பங்கும்தான்.

சரபோஜி 1832-இல் காலமானார். அவர் மகன் சிவாஜிக்கு இரண்டு பெண் மக்கள் இருந்தார்கள். ஆண் வாரிசு இல்லை. ஏற்கெனவே மனைவியர் இருந்தும், ஆண் குழந்தை வேண்டி ஒரே நாளில் 17 பெண்களை மணந்தார் என்பது தஞ்சை வரலாற்றில் பதிவான செய்தி. அந்தப் பதினேழு பேரில் எத்தனை பேர் சிறுமிகளோ! 1855 அக்டோபரில் அவர் ஆண் வாரிசின்றி இறந்தார். கும்பினி அரச பட்டத்தையே ஒழித்துவிட்டு, அரண்மனைச் சொத்தையும் கைப்பற்றியது. மூத்த ராணி காமாட்சிபாயி நீதிமன்றம் போனார். சென்னையில் வென்றார். ஆனால் 1859-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், இது அரசாங்கத்தின் அரசியல் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள்.

இதில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகள்கள் பிறந்திருக்கிறார்கள். ஆகவே அரசருக்குக் குழந்தைப் பேறே இல்லை என்று சொல்ல முடியாது. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணுவில் இருக்கும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம். இதை 1905-இல்தான் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி கண்டு சொன்னார். அது தெரியாமல் மனைவியை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அரண்மனையில் நடந்தது நம் தெருக்களிலும் நடந்தது. குழந்தை இல்லையென்றால் மனைவிக்கு மலடி என்று பட்டம். அரச மரத்தைச் சுற்றுவது அவள், விரதம் இருப்பது அவள், திருக்கருகாவூருக்கு நெய் மெழுகப் போவது அவள். இரண்டாம் கல்யாணம் மட்டும் அவனுக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், நம் பழைய வைத்தியர்கள் இவ்வளவு ஒருதலையாக இருக்கவில்லை. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்றான வாஜீகரணம் ஆண்மையையும் விந்தையும் பற்றியதுதான். ஆணிடமும் குறை இருக்கலாம் என்று ஏட்டில் எழுதி வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் அது நுழையவில்லை.

இன்றைக்கு மருத்துவம் சொல்வது என்ன? குழந்தை தாமதப்படும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. அது தனியாகவும் இருக்கலாம், பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தும் இருக்கலாம்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் சொல்ல மாட்டேன். "சார், உங்க ஊர்ப் பக்கம் அசல் மாப்பிள்ளைச் சம்பா எங்க கிடைக்கும்?" என்றான். திருமணமாகி நான்கு வருடம். மனைவிக்கு ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, கருக்குழாய்ப் பரிசோதனை எல்லாம் இரண்டு மூன்று இடத்தில் ஆகிவிட்டது. "நீ பரிசோதனை செய்துகொண்டாயா?" என்று கேட்டேன். "எனக்கு என்ன சார், நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றான். முதலில் பரிசோதனைக்குப் போ, பிறகு அரிசி வாங்கித் தருகிறேன் என்றேன். போனான். முடிவு அவர்கள் இருவருக்கும் உரியது. அரிசியைப் பற்றி மட்டும் உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

மாப்பிள்ளைச் சம்பா நம் டெல்டாவின் பழைய நெல். ஏறத்தாழ 160 நாள் பயிர், ஆள் உயரத்துக்கு வளரும், அரிசி சிவப்பு. இளவட்டக்கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டிய மாப்பிள்ளைக்கு இந்த அரிசிச் சோறு போட்டார்கள், அதனால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். 1960-61-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 வந்தது. குறுகிய காலப் பயிர், குறுவைக்குப் பொருத்தம், உர மூட்டை கேட்கும், விளைச்சலும் கொடுக்கும். பஞ்சத்துக்குப் பயந்த நாட்டுக்கு அது தேவையாக இருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உயரமான பழைய நெல்கள் வயலைவிட்டுப் போய்விட்டன. அவற்றைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் ஜெயராமன். நம்மாழ்வார் ஐயாவின் வழியில் வந்தவர். 170-க்கு மேற்பட்ட ரகங்களைச் சேர்த்தார். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வருகிற விவசாயிக்கு விதை கொடுத்து, மறு வருடம் இரு மடங்காகத் திருப்பி வாங்கினார். 2018 டிசம்பரில் புற்றுநோயால் காலமானார்.

அந்த அரிசி விந்தணுவைப் பெருக்குமா? அரிசியின் கதையில் ஒரு குன்னூர் அத்தியாயம் உண்டு. கைக்குத்தல் போய் மில் வந்த காலத்தில் பெரிபெரி நோய் பரவியது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் புறாக்களுக்கு உயிர்ச்சத்து நீங்கிய தீட்டிய அரிசியை மட்டும் கொடுத்து ஆராய்ந்தார். 1919-இல் வெளிவந்த அவருடைய முடிவுகளில், அந்தப் பறவைகளின் உள்ளுறுப்புகளில் மிக அதிகமாகச் சுருங்கிப்போனவற்றில் ஆண் புறாவின் விரையும் ஒன்று. பிற்பாடு அவர் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் செழித்தன. நம் சென்னை மாகாணத்து அரிசி உணவு கடைசியில் நின்றது. அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம்தான் 1958-இல் ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

இதை வைத்து "வெள்ளைச் சோறு மலட்டுத்தன்மை தரும்" என்று யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். அந்தப் புறாக்கள் வேறெதுவும் தின்னவில்லை. நாம் குழம்பு, கூட்டு, மோர் எல்லாம் சேர்த்துத்தான் சாப்பிடுகிறோம். நான் எடுத்துக்கொள்வது இதுதான்: தவிட்டில் இருப்பதைக் களைந்துவிட்டு வெறும் மாவுச்சத்தைத் தட்டு நிறைய ஏற்றினால் உடம்பு மெலியும் அல்லது ஊதும், இனப்பெருக்க உறுப்புகளும் அந்த உடம்பில்தான் இருக்கின்றன. சிவப்பரிசி நல்ல உணவு. ஆனால் மருந்தல்ல. பாக்கெட்டில் "ஆண்மைக்கு" என்று அச்சடித்து இரட்டை விலை வைத்தால் அது வியாபாரம். மாத்திரைகளும் அப்படியே. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 2,370 தம்பதிகளைச் சேர்த்து, ஆண்களில் பாதிப் பேருக்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும், மீதிப் பேருக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். விந்தணுவின் தரத்திலும் குழந்தைப் பிறப்பிலும் முன்னேற்றம் எதுவும் இல்லை.

நெல்லோடு வந்த இன்னொன்று பூச்சிமருந்து. எண்ட்ரின், ஃபாலிடால், பி.எச்.சி. பவுடர் எல்லாம் உங்கள் தாத்தாக்களுக்கு மனப்பாடம். கையால் கலக்கி, வெறும் உடம்போடு தெளித்தார்கள். 1977-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாத்ராப் என்ற ஊரில், டி.பி.சி.பி. என்ற நூற்புழு மருந்து தயாரித்த தொழிலாளிகள் பேச்சுவாக்கில் ஒன்றைக் கவனித்தார்கள். தங்களில் யாருக்குமே புதிதாகக் குழந்தை பிறக்கவில்லை. பரிசோதித்தபோது பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. எந்த மருத்துவரும் சொல்வதற்கு முன் தொழிலாளிகளே கண்டுபிடித்த நோய் அது. நமக்குப் பக்கத்தில் காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்களுக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்த ஊரில், சிறுவர்கள் பருவமடைவது தாமதப்பட்டிருந்ததை அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்தது. ஆகவே வயலில் இறங்குகிற என் மாணவர்களே, கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை, காற்றுக்கு எதிரே தெளிக்காமை, வீடு திரும்பியதும் குளியல், அந்தத் துணியைத் தனியே துவைத்தல், இவற்றை விடாதீர்கள்.

இனி நேரே விஷயத்துக்கு வருகிறேன். விந்தணு ஒன்று உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. ஆகவே இன்று பீடியை விட்டால் நாளைக்குப் பலன் தெரியாது. மூன்று மாதம் பொறுக்க வேண்டும். விட வேண்டியவை சிகரெட், பீடி, புகையிலை, பாக்குப் பொட்டலம். குடியும் அப்படியே. தொப்பையைக் குறைத்தால் ஹார்மோன் சீர்படும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். விரை உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியில்தான் நன்றாக வேலை செய்யும், அதனால்தான் இயற்கை அதை வெளியே தொங்கவிட்டிருக்கிறது. மடியில் லேப்டாப், இறுக்கமான ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம். நாள் முழுக்க அடுப்பு முன் நிற்கும் சமையல் மாஸ்டர்களும், லாரி ஓட்டும் பிள்ளைகளும் அவ்வப்போது எழுந்து காற்றாட நடங்கள். ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்குப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். ஆண்மைக்கு என்று போடுவது ஆண் வாரிசையே அழிக்கிறது. இதைப் பெற்றோர்கள் முக்கியமாகக் கவனியுங்கள்.

சாப்பாட்டுக்கு நம் டெல்டாவே போதும். நெல் அறுவடைக்கு முன் வயலில் விதைக்கிற உளுந்து, பயறு, முருங்கைக் கீரை, நிலக்கடலை, எள், நாகப்பட்டினத்து மத்தி மீன். பொரித்தது, பாக்கெட் தின்பண்டம், கலர் பானம் இவற்றைக் குறையுங்கள்.

ஆனால் எல்லாக் குறையும் உணவால் தீராது. விரைப்பையில் நரம்பு புடைத்திருக்கும் வெரிகோசீல், வயது வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்து விரையைத் தாக்கியது, குழாய் அடைப்பு, பிறவிக் காரணம், இவற்றை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ஒரு வருடம் முயன்றும் கரு தரிக்கவில்லையென்றால் இருவரும் ஒன்றாகப் போங்கள். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே போங்கள். ஆணுக்கான முதல் பரிசோதனையில் ஊசியில்லை, கத்தியில்லை, செலவும் பெண்ணின் பரிசோதனைகளைவிட மிகக் குறைவு. இரண்டிலிருந்து ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது கீழ் எல்லை. அதற்குக் கீழே வந்தால் உடனே பயப்பட வேண்டாம். காய்ச்சல் வந்துபோனால்கூடக் குறையும். சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். மாமியார்மார்களே, அந்தச் சீட்டு வருகிற வரை மருமகளை ஒரு வார்த்தை கேட்காதீர்கள்.

மாப்பிள்ளைச் சம்பா வாங்குபவர்களுக்கு: இரவே ஊறவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேகாது. தண்ணீர் தாராளமாக விட்டுக் கஞ்சியாகக் குழைய வேகவையுங்கள், சோறாக வடித்தால் வீட்டில் சண்டை வரும். மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் போடுங்கள், மாப்பிள்ளைக்கு மட்டும் அல்ல.