பில் ரஸ்ஸல்

கூடைப்பந்தாட்டத்தில் பந்தைக் கூடையில் இடுவோரையே நாம் பெரிதும் போற்றுகிறோம். எதிரியின் பந்தைத் தடுத்தே புகழ்பெற்றவர் அமெரிக்க வீரர் பில் ரஸ்ஸல். 1934-இல் லூயிசியானாவில் பிறந்த அவர், 1956 முதல் 1969 வரை பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் ஆடினார். அப்பதின்மூன்று பருவங்களில் அவ்வணி 11 முறை வாகை சூடிற்று. தடுத்த பந்தை வெளியே அடித்து விடாமல் தம் அணியினரிடமே சேர்ப்பது அவரது தனித்திறன்.

1961-இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில், அவருடைய தோழர் இருவருக்குக் கறுப்பர் என்பதற்காக உணவு மறுக்கப்பட்டது. ரஸ்ஸலும் அவ்வணியின் ஏனைய கறுப்பின வீரரும் அன்று ஆட மறுத்து ஊர் திரும்பினர்.

1966-இல் அவரே அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். தேசியக் கூடைப்பந்துக் கழகத்தில் அப்பதவியை ஏற்ற முதற் கறுப்பர் அவரே. 2022-இல் அவர் மறைந்தார். களத்தில் ஆடுவது போலவே, வேண்டியபோது ஆட மறுப்பதும் வீரமே என்பதை அவர் வாழ்வில் நாம் காண்கிறோம்.