வால்வைத் திருப்பும் கைக்கு யார் சான்று தருவது?

1924-இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றைத் தீண்டப்படாதவர் எனப்பட்டோர் பயன்படுத்துவதை யாரும் தடுக்கக் கூடாது என்றது அது. 1927 மார்ச் 20 அன்று மகாட்டில் சவதார் குளத்து நீரை அம்பேத்கர் கையில் அள்ளிக் குடித்தார். தண்ணீரைக் குடிக்கும் உரிமைக்கான இந்தப் போராட்டங்கள் நமக்குத் தெரியும். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலை யாருக்கு, எந்தத் தகுதியில் கிடைத்தது என்ற வரலாற்றை நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

1872-இல் செங்குன்றம் ஏரி நீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்தது. அதை யாரும் வடிகட்டவில்லை. 1914-இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் மணல் வடிகட்டிகளும் பம்புகளும் வந்தபின் குடிநீர் ஒரு தொழில்நுட்பம் ஆனது. அதற்குப் பொறியாளரும் இயக்குநரும் தேவைப்பட்டார்கள். அதே நகரத்தின் கழிவுநீரோ சாதியின் தலையில் விழுந்தது. நல்ல தண்ணீருக்குப் படிப்பு கேட்டார்கள். சாக்கடைக்குப் பிறப்பைப் பார்த்தார்கள்.

மற்ற தொழில்களில் என்ன நடந்தது? 1923-இல் கொதிகலன் சட்டம் வந்தது. கொதிகலன் வெடித்தால் ஆலையே போய்விடும் என்பதால், அதைக் கவனிப்பவருக்குத் தகுதிச் சான்று கட்டாயமானது. மின்சார வேலைக்கும் வயர்மேன் சான்று வந்தது. 1960-களில் பாடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலைகள் எழுந்தபோது, ஐ.டி.ஐ. சான்று வைத்திருந்தவர் ஃபிட்டர் ஆனார், டர்னர் ஆனார். அப்பன் தொழிலிலிருந்து பிள்ளை வெளியே வர அந்த ஒரு காகிதம் வழிவிட்டது.

1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆலைகள் கழிவுநீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்றானது. ஆலை இயங்க வாரியத்தின் இசைவு வேண்டும். ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்குபவருக்கு உரிமம் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. இன்று பாடியைச் சுற்றி ஆலைகள், மருத்துவமனைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் என எங்கும் இத்தகைய நிலையங்கள் இருக்கின்றன. இயக்குபவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. முன்னால் இருந்தவர் செய்வதைப் பார்த்துக் கற்றவர்.

இதில் ஆபத்து என்ன? குடிநீரில் குழாய் முனைவரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். கலங்கல் எவ்வளவு, படிகாரம் எவ்வளவு என்று தினமும் சோதித்து முடிவெடுக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. “நாத்தம் போயிடுச்சு, இறங்கு” என்று மேஸ்திரி சொல்லும் அந்த நொடிதான் சாவு. இதைக் கற்ற ஆபரேட்டர் இறங்க மாட்டார், இன்னொருவரை இறக்கவும் விடமாட்டார். 2013 சட்டம் அவர் பக்கம் நிற்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. சாகாமல் இருக்கத் தேவையான அறிவோ இன்னும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் 1996 சட்டத் திருத்தத்துக்குப்பின் குடிநீர் இயக்குநருக்குத் தேர்வும் சான்றும் கட்டாயம். அதிகபட்சம் 3 ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்றுப் புதுப்பிக்க வேண்டும். கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000-இல் மாசுபட்ட குடிநீரால் 7 பேர் இறந்தார்கள். அங்கே பொறுப்பில் இருந்தவர்களிடம் சான்று இருந்தது. ஆனால் அது தேர்வில்லாமல், அனுபவத்தைக் காட்டி மட்டும் பெற்றது. காகிதம் இருந்தது, கல்வி இல்லை. அதன்பின் அம்மாகாணம் தேர்வையும் தொடர் பயிற்சியையும் கட்டாயமாக்கியது.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள். நம் மக்கள் சாக்கடையில் பெற்ற அனுபவமும் அறிவுதான். அதை அங்கீகரிக்க வேண்டும். ஆனால் அனுபவத்தின் பெயரால் பயிற்சியை மறுத்துவிட்டு, சட்டையில் ஒரு அட்டையை மட்டும் குத்தி அனுப்புவதை ஏற்கக் கூடாது.

அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973 திருத்தம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இடங்களை ஒதுக்கியது. திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பணிக்கான சான்று உண்டு. முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் வழியும் உண்டு. இவற்றைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்ததாரர் மாறும்போது உங்கள் அனுபவத்துக்குச் சாட்சி அவைதான்.

ஆனால் தனியாளாகச் சான்று வாங்குவதோடு இது முடியாது. நிரந்தரப் பணி ஒப்பந்தமாக மாறும்போது இடஒதுக்கீடும் சேர்ந்தே கரைகிறது. கொதிகலனுக்கு 1923-இல் கொடுத்த சட்டத்தைத் தண்ணீருக்கும் கேட்போம். இயக்குபவருக்கு உரிமம் கட்டாயம், பயிற்சிச் செலவு முதலாளியுடையது, ஒப்பந்தப் பணியிலும் இடஒதுக்கீடு. கொதிகலனுக்கு அஞ்சிய அரசு, சாக்கடையில் சாகும் மனிதனுக்காக ஏன் அஞ்சவில்லை என்று கேட்க வேண்டியது நாம்தான்.

ஜெய் பீம்.