மாத்தூர் தொட்டிப் பாலம்

மாத்தூர் தொட்டிப் பாலம் என்பது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாறுக்கு அருகில் பறளியாற்றின் குறுக்கே அமைந்துள்ள நீர்ப்பாலம் ஆகும். பட்டணங்கால் கால்வாயின் நீரை ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்குக் கொண்டு செல்ல 1966 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இப்பாலம், பாதசாரிகள் ஆற்றைக் கடக்கவும் பயன்படுகிறது. நீர் செல்லும் பகுதி தொட்டி வடிவில் உள்ளதால் இப்பெயர் ஏற்பட்டது. ஆசியாவின் உயரமான தொட்டிப் பாலங்களுள் ஒன்றாக இது குறிப்பிடப்படுகிறது.

வரலாறு

திருவிதாங்கூரின் தென்பகுதியாக இருந்த கன்னியாகுமரி, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் மேட்டு நிலங்களுக்குப் பாசன நீர் வழங்கும் இத்திட்டம் முதலமைச்சர் காமராசர் காலத்தில் முன்னெடுக்கப்பட்டது. பாலம் முடிவுற்ற 1966 இல் எம். பக்தவத்சலம் முதலமைச்சராக இருந்தார்.

தேவை

கால்வாய் நீர் புவியீர்ப்பினால் மட்டுமே ஓடுகிறது. எனவே அது பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால், எதிர்ப்புறத்து மேட்டு நிலங்களுக்குத் தானாக ஏற இயலாது. மூடிய குழாயில் கீழிறக்கி மீண்டும் மேலேற்றலாம் எனினும், இவ்வளவு ஆழத்தில் அக்குழாய் வளிமண்டல அழுத்தத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட நீரழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். தொட்டிப் பாலத்தில் நீர் திறந்த கால்வாயில் போலவே சிறு சரிவில் ஓடுவதால் இச்சிக்கல் எழுவதில்லை, எக்கிகளும் தேவையில்லை.

அமைப்பு

பாலத்தை 28 தூண்கள் தாங்குகின்றன. இவற்றுள் உயரமானவை ஏறத்தாழ 115 அடி உயரமுடையவை. சில தூண்கள் ஆற்றின் பாறைகளிலும், பிற இருபுறக் குன்றுகளிலும் ஊன்றப்பட்டுள்ளன. கற்காரைத் தொட்டி 7 அடி உயரமும் 7.5 அடி அகலமும் கொண்டது. இவ்வளவுகளின்படி தொட்டி நிறைந்தால் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ 5 டன் நீர் இருக்கும். ஆகவே பாலத்தின் மீதான சுமையில் பெரும்பங்கு நீருடையதே. நடந்து செல்வோரின் எடை அதனுடன் ஒப்பிடுகையில் சிறிது. தொட்டியின் மேற்பகுதி கற்காரைப் பலகைகளால் ஓரளவு மூடப்பட்டுள்ளது. இதனால் அதன் மீது நடப்பவர்கள் கீழே ஓடும் நீரையும் காணலாம்.

பயன்பாடு

மாவட்டத்தில் நெல் வயல்கள் குறைந்து ரப்பர், தென்னை, வாழை ஆகியவை பெருகியுள்ளன. ஆயினும் கடைமடை நிலங்களுக்குக் கால்வாய் நீர் இன்றியமையாததாகவே உள்ளது. இத்தகைய அமைப்பில் தொட்டியின் ஓரிடத்தில் ஏற்படும் கசிவோ அடைப்போ அதற்கு அப்பாலுள்ள நிலங்கள் அனைத்தையும் பாதிக்கும் என்பதால், முறையான பராமரிப்பு தேவைப்படுகிறது. பாலம் தற்போது சுற்றுலாத் தலமாகவும் விளங்குகிறது. பாலத்திலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கப் படிக்கட்டுகள் உள்ளன.