பதுளை மலையில் பந்தயக் குதிரை

சூதைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் நம்மவருள் பெரும்பாலும் பாண்டவரிடமே செல்வர். மலையகத்தாருக்கு அக்கதை ஏட்டிலிருந்து மட்டும் வந்ததன்று. ‘அருச்சுனன் தபசு’ தோட்டங்களில் விடிய விடிய ஆடப்படும் கூத்து. அருச்சுனன் தவமிருக்க நேர்ந்த வனவாசம் ஒரு பகடையாட்டத்தில் தொடங்கியது என்பதை எழுத்தறியாத மூதாட்டியும் அங்கே அறிவாள். அக்கதையில் நாட்டை வைத்துத் தோற்றவன் அரசன், கூலிக்காரன் அல்லன். எனினும் இன்று ‘சூதாடி’ என்ற சொல் எழுந்ததும் பலருடைய விரல் லயத்துக் காம்பராவை நோக்கியே நீள்கிறது. இவ்வழக்கு எவ்வாறு உண்டாயிற்று என்பதை ஊவா மாகாணத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய விரும்புகிறோம்.

முதலில் நிலைமையைக் கூறுவோம். பதுளை போன்ற மலைநாட்டுப் பட்டினங்களில் ‘புக்கி’ எனப்படும் பந்தயக் கடைகள் உண்டு. அங்கே கட்டப்படும் பணம் பெரும்பாலும் இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளின் மேல். நியூமார்க்கெட்டில் மாரிகாலத்துப் பிற்பகல் இரண்டு மணி என்றால் பதுளையில் இரவு ஏழரை. வேலை முடிந்து, கைகால் கழுவி, பட்டினத்துக்கு இறங்கிவரப் போதிய நேரம். பார்த்திராத நாட்டில், பார்த்திராத திடலில், பார்த்திராத குதிரை! ஆனால் அக்குதிரையின் தந்தை பெயரும் சென்ற மாதம் அது எத்தனையாவதாக வந்தது என்பதும் அச்சிட்ட தாளில் இருக்கின்றன. அவன் அவற்றைப் படித்திருக்கிறான். பின்னக் கணக்குக்கு அஞ்சிப் பள்ளியை விட்டு ஓடியவன், பதினொன்றுக்கு நான்கு என்னும் வீதத்தில் இருநூறு ரூபாவுக்கு ஐந்நூற்றைம்பது வரும் என்று விரல் மடக்காமற் சொல்வதை ஆசிரிய நண்பர்கள் கவனித்திருப்பர். தோட்டத்துப் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது என்னும் பழிக்கு வேறு மறுப்பு எதற்கு?

இனி வரலாற்றுக்கு வருவோம். இம்மலைகளில் முதன்முதற் பெரும்பந்தயம் கட்டியவர்கள் துரைமாரே. 1840ஆம் ஆண்டையொட்டி முடிக்குரிய காணி ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டபோது, காணியை விற்ற அரசாங்கத்தின் உத்தியோகத்தரும், நீதிபதிகளும், படைத்தலைவரும், தேசாதிபதியுமே அதனை வாங்கும் வரிசையில் நின்றனர். கோப்பியின் விலை ஏறும் என்பது அவர்கள் கட்டிய பந்தயம். 1847இல் விலை சரிந்தது. பலர் கைவிட்டு ஓடினர். எஞ்சியோர் மீண்டும் கட்டினர். 1869இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலையில் செம்மஞ்சட் பொடிபோல ஒரு பூஞ்சணம் காணப்பட்டது. அதனை முதலில் எவரும் பெரிதாக மதிக்கவில்லை. பதினைந்து ஆண்டுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1884 மே மாதம் அத்தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி கதவடைத்தது. தேசாதிபதி ஆதர் கோர்டன் அவ்வங்கியின் நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். பொருளாதாரம் நிலைகுலையாதிருக்க அது தேவைப்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கூலி நிலுவையில் நின்ற தொழிலாளிக்கு அவ்வளவு விரைவில் உத்தரவாதம் கொடுத்தவர் யார்? இவ்விளையாட்டுக்கு வரலாற்று நூல்கள் ‘முயற்சி’ என்று பெயரிட்டுள்ளன.

துரைமார் உண்மைக் குதிரையையும் மறந்தாரல்லர். நுவரெலியாவில் பந்தயத் திடல் அமைத்தனர். 1893இல் கொழும்புக் கறுவாத்தோட்டத்தில் பெரிய திடல் எழுந்தது. பதுளையில் இன்று வின்சன்ட் டயஸ் விளையாட்டரங்கு உள்ள நிலமும் அக்காலத்துக் குதிரைப் பந்தயத் திடலே. சட்டமும் இதற்கேற்ப இருவகையாய் அமைந்தது. 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் ஊரார் ஆடிய சேவற்சண்டையைக் குற்றமாக்கியது. 1930ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமோ குதிரைப் பந்தயத்துக்கென்றே தனியாக ஒழுங்குவிதி வகுத்தது. சேவல் ஓடினால் பொலிசு. குதிரை ஓடினால் வரி. இங்கிலாந்திலும் இதே கதைதான். 1906இன் தெருப்பந்தயச் சட்டம் தொழிலாளி தெருமூலையில் காசு கொடுத்துக் கட்டுவதைத் தடுத்தது; பணக்காரன் கடன்கணக்கில் கட்டுவதையும் திடலிலே கட்டுவதையும் அது தொடவில்லை. பந்தயக் கடை அங்கே சட்டபூர்வமானது 1961 மே மாதத்திலேதான்.

1956இல் பண்டாரநாயக்கா அரசாங்கம் இலங்கையில் குதிரைப் பந்தயத்தை நிறுத்தியது. கொழும்புத் திடல் ஓய்ந்தது; நுவரெலியாவில் 1980களின் தொடக்கத்திலேதான் மீண்டும் குதிரைகள் ஓடின. ஓட்டம் நின்றதே தவிர, பந்தயம் நிற்கவில்லை. உள்நாட்டுக் குதிரையின் இடத்தை ஆங்கிலக் குதிரை பிடித்துக்கொண்டது. தந்தியில் வந்த முடிவு பின்னர் செயற்கைக்கோள் வழியாகப் படமாகவே வந்தது. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கப் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டம் புக்கிக் கடைகள்மீது ஆண்டு அறவீடு விதித்தது. நேரடி ஒளிபரப்பு உள்ள கடைக்கு ஒரு தொகை, இல்லாத கடைக்கு வேறு தொகை என்று பிற்காலத்தில் வேறுபாடும் செய்யப்பட்டது. ஒழுக்கத்தின் பெயரால் மூடியவர்களே வருமானத்தின் பெயரால் திறந்துகொண்டனர். இவ்வளவுக்கும் இடையில் தோட்டத்தாரைக் கேட்டவர் யார்? 1947இல் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றுக்கு அனுப்பிய மக்கள் 1948இன் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர், 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலாதவராயினர். 1956இலும் நிலைமை அதுவே.

புக்கியின் கணக்கு மிக எளிது. சமவலிமையுள்ள இரு குதிரைகள் என வைத்துக்கொள்வோம். நியாயமான வீதம் ஒன்றுக்கு ஒன்று. புக்கியோ ஆறுக்கு ஐந்து என்பான். இருவர் ஆளுக்கு நூறு ரூபா கட்டினால் அவன் கைக்கு இருநூறு வரும், வென்றவனுக்கு முதலோடு சேர்த்து நூற்றெண்பத்து மூன்று கொடுப்பான், பதினேழு அவனுக்கு. எக்குதிரை வென்றாலும் பதினேழு. தொழிலாளி குதிரையைப் படிக்கிறான். புக்கிக்குக் குதிரை தேவையே இல்லை.

இக்கணக்கு அறியாமலா கட்டுகிறான்? பலர் அறிவர். ஆனால் கடனிற் பிறந்தவனுடைய கணக்கு வேறு. பெரிய கங்காணி காலத்தில் தொழிலாளியின் கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அத்தொகையைக் கொடுத்தால் ஆள் வேறு தோட்டத்துக்கு மாறுவான். கொடாவிட்டால் அங்கேயே கிடப்பான். 1921இல் துண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடைக்காரனின் பற்றுப் புத்தகமும் தீபாவளி முற்பணமும் ஒழியவில்லை. 2021இல் ஆயிரம் ரூபா நாட்கூலிக்கே நெடும் போராட்டம் வேண்டியிருந்தது. கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர். இத்தகைய கூலியில் மாதம் நூறு ரூபா சேமித்தாலும் கடன் தீராது என்பதை அவன் நன்கறிவான். ஒரே இரவில் ஐயாயிரம் வந்தால் ஒருவேளை தீரும். அவன் வாங்குவது அந்த ‘ஒருவேளை’யை. அதற்கு விலை மிகுதி என்பது நம் முடிபு. ஆனால் அறிவின்மை என்று அதனை ஒதுக்க மாட்டோம்.

வேறு வழி இருந்ததில்லையா? இருந்தது. 1940 மே மாதத்தில் பதுளையை அடுத்த வெவஸ்ஸத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் தமக்குள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தனர். அதனுடன் கலந்தே நிருவாகம் நடத்த மேற்பார்வைத் துரை இணங்கினார். ஊவாத் தோட்டங்கள் பலவற்றில் அக்காலத்தில் எழுந்த அலை அது. பொலிசு அடக்குமுறையும், ஊவாவைப் பிற பகுதிகளிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அதனைத் தணித்தன. கூட்டாகக் கேட்கும் வாசல் அடைபட்ட இடத்தில் தனியொருவன் சன்னலைத் தட்டுகிறான்.

இவ்வாறு கூறும்போது நாம் ஆண்களைப் பற்றியே பேசிவந்துள்ளோம். கொழுந்து பறிப்போர் மிகப் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய சம்பளத்தைக் கணவனோ தந்தையோ போய் வாங்கிவரும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது; சில இடங்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. புக்கிக் கடையின் மேசையில் வைக்கப்படும் தாளில் அவளுடைய கூடையின் நிறை இருக்கிறது. குதிரையைத் தெரிவு செய்வதில் அவளுக்குப் பங்கில்லை. கடன் அவளுக்கும் உரியது. ‘ஒருவேளை’ மட்டும் அவனுக்கு. மேலே தொழிலாளிக்காக நாம் வாதித்தவையெல்லாம் இவ்விடத்தில் தடுமாறுகின்றன. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்று விதிக்கப்பட்டது. அக்கூலி யார் கையிற் கொடுக்கப்பட வேண்டும் என்பதைப் பெண்களே சங்கக் கூட்டங்களில் எழுந்து கேட்கக் கண்டிருக்கிறோம். மேடையிலிருந்தோர் அடுத்த தீர்மானத்தை வாசிக்கச் சொன்னார்கள்.