அமைதிப் பள்ளத்தாக்கு: அறிவு நிறைவுறுமுன் எடுக்கப்பட்ட ஒரு தீர்மானம்

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் தீர்மானங்களின் முடிவுகளையே நமக்கு அறிவிக்கின்றன. அத்தீர்மானங்களை எடுத்தோர் எத்துணைக் குறைந்த அறிவோடு அவற்றை எடுத்தனர் என்பதை அவை அரிதாகவே கூறும். முடிவை அறிந்தபின் திரும்பி நோக்குவோர்க்கு வழி நேரானதாகவே தோன்றும். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரி மலையின் தென்மேற்கு ஓரத்தில் அமைந்துள்ள அமைதிப் பள்ளத்தாக்கின் வரலாறு இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும். அங்கு அணை கட்டலாமா, காட்டைக் காக்கலாமா என்னும் வாதம் பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. அது எவ்வாறு முடிந்தது என்பது யாவரும் அறிந்ததே. எவ்வாறு ஆராயப்பட்டது என்பதே ஈண்டு நமது பொருளாகும்.

1. இருதரப்பு நியாயங்கள்

இப்பள்ளத்தாக்கின் வழியே ஓடும் குந்திப்புழையில் அணை கட்ட ஏற்ற இடம் உண்டென்பது 1928-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. 1973-இல் திட்டக்குழு இந்நீர்மின் திட்டத்திற்கு இசைவளித்தது. தொடக்கத்தில் 120 மெகாவாட் மின்சாரமும், பாலக்காடு, மலப்புரம் மாவட்டங்களில் ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் நிலத்திற்குப் பாசனமும் கிட்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. மலபார்ப் பகுதி தொழிலிலும் மின்வசதியிலும் பின்தங்கியிருந்தது. ஆகவே திட்டத்தை ஆதரித்தோரைப் பேராசை கொண்டவர் என்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஏழை மாவட்டங்களுக்கு விளக்கும் நீரும் வேண்டும் என்ற அவர்களது கோரிக்கை நியாயமானதே.

மறுதரப்பில், நீரில் மூழ்கவிருந்தது 830 ஹெக்டேர். பள்ளத்தாக்குக் காட்டின் பரப்பில் இது பத்தில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. ஒன்பது பங்கு எஞ்சி நிற்குமே என்றனர் ஆதரவாளர். ஆற்றங்கரைக் காடே பள்ளத்தாக்கின் உயிர்நிலை. அதை இழந்தால் எஞ்சியதும் தளரும் என்றனர் எதிர்ப்பாளர். வெடிப்பலா முதலிய மரங்களின் கனிகளை உண்டு மரவுச்சியிலேயே வாழும் சிங்கவால் குரங்கிற்கு, துண்டுபட்ட காடு வாழிடமாகாது என்பதும் அவர்கள் வாதம். ஆயினும் அக்காட்டிலுள்ள உயிரினங்கள் அந்நாளில் முழுமையாகக் கணக்கிடப்பட்டிருக்கவில்லை. மூழ்கினால் என்னென்ன அழியும் என்று உறுதியாகக் கூறத்தக்கவர் இருதரப்பிலும் இல்லை.

2. ஒரு பரிந்துரையின் இரண்டாம் பகுதி

1976-இல் ஜாபர் புட்டேஹல்லி தலைமையில் அமைந்த மத்திய ஆய்வுக்குழு, திட்டத்தைக் கைவிடுதலே நன்று என்று பரிந்துரைத்தது. ஆனால் அத்தோடு நில்லாமல், கைவிட இயலாதாயின் இன்னின்ன பாதுகாப்பு முறைகளைக் கையாள வேண்டும் என்று பதினேழு நிபந்தனைகளையும் சேர்த்துரைத்தது. முதற்பகுதி பின்னுக்குத் தள்ளப்பட்டது; இரண்டாம் பகுதியே பிடித்துக்கொள்ளப்பட்டது. நிபந்தனைகளை ஏற்கின்றோம் என்று மாநில அரசு முன்வந்தது. 1978-இல் மொரார்ஜி தேசாயின் மத்திய அரசு இசைவு தந்தது. அவ்விதிகளைத் தழுவி, சூழலின் சமநிலையைக் காப்பதாகத் தலைப்பிட்ட சட்டமொன்றும் 1979-இல் கேரளத்தில் நிறைவேறியது. காக்கவேண்டும் என்று கூறிய அறிக்கையே, கட்டுவதற்குரிய சீட்டாக மாறிவிட்டது! ஐயம் சூழ்ந்த வேளையில், எல்லாரையும் திருப்திப்படுத்தும்பொருட்டுச் சேர்க்கப்படும் ஒரு வாக்கியம் எத்துணை வலிமை பெறும் என்பதை இங்குக் காண்கிறோம்.

3. வினா மாறியமை

வாதத்தின் போக்கை மாற்றியவர் பலர். கவிஞர் சுகதகுமாரியும் எழுத்தாளர் பலரும் மக்களின் உள்ளத்தைத் தொட்டனர். பறவையியல் அறிஞர் சலீம் அலி காட்டின் அருமையை வற்புறுத்தினார். எனினும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் தொண்டு தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1962-இல் தொடங்கிய இம்மக்கள் அறிவியல் இயக்கம், காட்டைக் காக்க என்று முழங்குவதோடு அமையவில்லை. மலபாருக்கு மின்சாரம் வேறு எவ்வழிகளில் கிட்டும் என்று கணக்கிட்டுக் காட்டியது. மின்கம்பித் தடங்களைச் செம்மைப்படுத்துவதும் அவ்வழிகளுள் ஒன்று. எதிர்த்தரப்பாரின் தேவையையும் தன் பொறுப்பாக ஏற்ற வாதம் அது. எனவே அதைப் புறக்கணிப்பது எளிதன்று.

இதன் பயனாக வினாவே மாறிற்று. "காடு அழியும் என்பதற்குச் சான்று உண்டா?" என்ற கேள்வியின் இடத்தில், "நாம் தவறினால் எத்தவற்றைத் திருத்த இயலும்?" என்ற கேள்வி எழுந்தது. அணையைக் கட்டாமல் தவறினால் மின்சாரத்தை வேறிடத்தில் ஆக்கிக்கொள்ளலாம். கட்டித் தவறினால் காட்டை மீண்டும் ஆக்க மனிதரால் இயலாது. அறிவு சமமாகக் குறைவுபட்டிருந்தும், இழப்பு சமமாக இல்லை.

1979-இல் எம். எஸ். சுவாமிநாதன் அளித்த அறிக்கை, பள்ளத்தாக்கையும் அதனை அடுத்த காடுகளையும் ஒன்றிணைத்துக் காக்கும்படி கூறியது. 1980 சனவரியில் கேரள உயர்நீதிமன்றம் திட்டத்திற்கெதிரான மனுக்களைத் தள்ளியது. ஆயினும் பிரதமர் இந்திரா காந்தி வேலையை நிறுத்தச் செய்தார். எம். ஜி. கே. மேனன் குழுவின் ஆய்விற்குப்பின் 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று 89.52 சதுரக் கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

4. முடிவுரை

இவ்வெற்றியைக் கொண்டாடுவோர் இரண்டை மறத்தலாகாது. முதலாவது, பாசனம் வருமென்று காத்திருந்த உழவர்க்கு அத்திட்டத்தின் நீர் வரவேயில்லை. காடு காக்கப்பட்டதற்குரிய விலையில் ஒரு பங்கை அவர்களும் செலுத்தினர். அவர்களுக்கு விழா எடுத்தார் இலர். இரண்டாவது, எந்தத் தீர்மானமும் தானே நிலைத்து நிற்பதில்லை. 2001-இல் அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் பாத்திரக்கடவு அணைத்திட்டம் எழுந்தது. பின்னர்ப் பூங்காவைச் சுற்றி ஏறத்தாழ 148 சதுரக் கிலோமீட்டர் காப்புப் பகுதி அமைக்க இசைவளிக்கப்பட்டது. ஆதலால் இத்தகைய வரலாற்றைக் கற்கும் மாணவர், வென்ற தரப்பு எது என்று அறிவதோடு நின்றுவிடலாகாது. எந்த இழப்பு திருத்தக்கூடியது, யாருடைய இழப்பு எண்ணப்படாமற் போயிற்று என்னும் இரு வினாக்களையும் கேட்கப் பழகுதல் வேண்டும். முழு அறிவு வரும்வரை காத்திருக்க நமக்கும் நேரம் கொடுக்கப்படுவதில்லை.