பாசியும் கரியும்

செஞ்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் தேசிங்கு ராஜனில் தொடங்கி, 1714-இல் அவன் விழுந்ததும் முடித்துவிடுவார்கள். கோட்டைக்குள் இருக்கும் செட்டிக்குளம், சக்கரக்குளத்தைச் சொல்வதற்கே ஆளில்லை. குளத்துப் பாசியைப் பற்றி யார் எழுதுவார்கள்? சரி, நானே எழுதிவிடுகிறேன்.

பாசியை வளர்த்து, காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, நிலத்தில் கலந்தால் கரியமில வாயு மண்ணுக்குள்ளேயே தங்கும் என்று இப்போது சொல்கிறார்கள். 'பயோசார்' என்று பெயர். அமேசான் காட்டில் பழங்குடிகள் கரி கலந்து உண்டாக்கிய கறுப்பு மண் பல நூற்றாண்டு கழித்தும் வளம் குறையாமல் கிடப்பதுதான் இதற்கு முன்னோடி.

பாசி நம் வயலுக்குப் புதிதல்ல. கோடையில் ஏரி வறண்டதும் மாட்டுவண்டியில் வண்டல் அடித்தது என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. செத்து அடியில் படிந்த பாசியும் அந்த வண்டலோடு வயலுக்குப் போனது. நெல் வயலில் தழைச்சத்தைப் பிடித்துத் தருவது நீலப்பச்சைப் பாசி என்று 1939-இல் பி.கே. டே நிரூபித்தார். 1950-இல் ஆர்.என். சிங் அதே பாசியால் உவர் நிலத்தைத் திருத்தலாம் என்று காட்டினார். பிறகு வேளாண்மைத் துறையே பாசியை உரமாகக் கொடுத்தது.

அந்தப் பாசியைச் சுட வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். வளர்ப்புத் தொட்டியில் லிட்டருக்கு ஒரு கிராம் கிடைத்தாலே பெரிது. ஒரு கிலோவுக்கு ஆயிரம் லிட்டர். வடிகட்டிப் பிழிந்த பிறகும் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். ஒரு கிலோ உலர்ந்த பாசிக்கு நாலு லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். கொதிநிலைக்கு வந்த பிறகே அதற்கு இரண்டரை யூனிட் மின்சாரம் ஆகும். உலர்ந்த பாசியில் இருக்கும் மொத்தச் சக்தியே ஐந்தரை யூனிட் அளவுதான்! நிலக்கரி மின்சாரத்தில் காயவைத்துவிட்டு, காற்றைச் சுத்தம் செய்தோம் என்று சொல்வது வேடிக்கை. யூரியா போட்டு வளர்த்தால் அந்தச் செலவு வேறு.

கழிவுநீரில் வளர்த்து, செஞ்சி வெயிலில் பாறைமேல் பரப்பிக் காயவைத்தால் கதை மாறும். ஆனால் பட்டறைக் கழிவு கலந்த நீராக இருந்தால் ஈயமும் காட்மியமும் கரியில் செறிந்துவிடும். ராமநாதபுரத்துச் சீமைக்கருவேல மூட்டம்போல் புகையை வெளியே விட்டால் மீத்தேனும் சேர்ந்தே போகும். புகையை மறுபடி எரிக்கிற உலை வேண்டும்.

வண்டலுக்கும் ஒரு குறை உண்டு. அதிலுள்ள கரிமம் சில வருஷத்தில் மட்கிப் போய்விடும். கரி அப்படிக் கரையாது. இருந்தும் என் ஓட்டு முதலில் வண்டலுக்கே. ஏரியும் ஆழமாகும், வயலும் தேறும், மின்சாரமும் வேண்டாம்.

2024 முதல் ஏரி வண்டலை இலவசமாக எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. கோட்டைக் குளங்களுக்கு மட்டும் மண்வெட்டியோடு போய்விடாதீர்கள். அவை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. போதாததற்கு 2025-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் நம் கோட்டை ஏறிவிட்டது.