முதல் கிளாஸில் எதை ஊற்றுவது?

"முதல்முறை குடிக்கிறவன் எதில தொடங்கலாம்ணா?" என்று ஆபீஸில் ஜூனியர் பையன் கேட்டான். பதிலுக்கு எங்க வீட்டு வரலாற்றைத்தான் கிளறினேன். மூணு தலைமுறையா எங்களுக்கு அதைத் தேர்ந்தெடுத்தது அரசாணைதான்.

தாத்தா சேலம் மாவட்டம். அவருக்குப் பனங்கள், ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியது அந்த மாவட்டத்தில்தான். 1948-ல் அது மாகாணம் முழுக்கப் பரவியது.

1971-ல் கலைஞர் அரசு அதைத் தளர்த்தியபோது அப்பாவுக்கு 21 வயசு. அவருக்குச் சாராயம். அதையும் 1974-ல் மூடினார்கள், 1981-ல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். 1987-ல் கள்ளுக்குத் தடை வந்தது.

1999-ல், இன்ஜினீயரிங் ஹாஸ்டலில் என் முறை. கடையில் இருந்தது பீர், பிராந்தி, ரம் வகையறா. பீரும் கள் மாதிரி லேசுதான். ஆனா "காசுக்கு ஏறாதுடா" என்று நண்பர்கள் குவார்ட்டர் பிராந்தி வாங்கினார்கள். 42.8 சதவீதம். தாத்தாவோட கள்ளைவிட எட்டு மடங்கு காட்டம். ராத்திரி முழுக்க வாந்தி.

2003 முதல் சில்லறைக் கடையும் அரசாங்கத்தோடதே.

"அப்போ குடிக்கவே வேணாங்கறீங்களாண்ணா?" என்றான் பையன்.

மூணு தலைமுறையிலும் எங்க கையில இருந்த ஒரே தேர்வு அதுதான். நாங்க மூணு பேருமே அதை எடுக்கலை.